கலைந்த பேண்டை மறுபடி கூட்டுவது எப்படி: முதலில் கேசட், கடைசியில் மேடை

கலைந்துபோன சிற்றூர் பேண்ட் ஒன்றைத் திரும்பக் கூட்ட நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் ஹால் பிடிக்க ஓடுகிறார்கள். அது கடைசி வேலை. முதல் வேலை, யார் வீட்டுப் பரணிலோ கிடக்கும் பழைய கேசட் பெட்டியைக் கீழே இறக்குவது. அதில் இருப்பதைத்தான் நீங்கள் வெளியிடப் போகிறீர்கள், வாசிக்கப் போகிறீர்கள். எந்தச் சுரத்தில், எந்த வேகத்தில் வாசித்தீர்கள் என்பதற்கும் அதுதான் சாட்சி.

இந்த வழிகாட்டி நெடுக ஒரே பேண்டை உதாரணமாக வைத்துக்கொள்கிறோம்: அமெரிக்கன் ஃபுட்பால். பெயரைப் பார்த்து விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். சிகாகோவுக்குத் தெற்கே சுமார் 220 கிலோமீட்டரில், சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் பல்கலைக்கழக ஊர் அர்பானா. அங்கே 1997-ல் மூன்று மாணவர்கள் சேர்ந்தார்கள். மைக் கின்செல்லா பாட்டும் கிட்டாரும், ஸ்டீவ் ஹோம்ஸ் கிட்டார், ஸ்டீவ் லாமோஸ் டிரம்ஸும் டிரம்பெட்டும். பேஸ் கிட்டார் வாசிக்கத் தனி ஆள் கிடையாது. 1998-ல் சில பாட்டு மட்டும் கொண்ட ஒரு சிறு வெளியீடு, 1999 செப்டம்பரில் ஒன்பது பாட்டு கொண்ட ஒரு முழு ஆல்பம். வெளியிட்டது அதே வட்டாரத்தின் சின்ன லேபிளான (இசை வெளியீட்டு நிறுவனமான) பாலிவினைல். படிப்பு முடிந்தது, ஆளுக்கொரு ஊர் போனார்கள், 2000-க்குள் பேண்ட் இல்லை.

அடுத்த பதினான்கு வருடத்தில் அந்த ஒரே ஆல்பம் கைமாறிக் கைமாறி உலகம் சுற்றியது. 2014-ல் மறுபதிப்பு வந்தது. கூடவே பழைய ஒத்திகைக் கேசட்டுகளும் வெளிவந்தன. அதற்குப் பிறகுதான் மேடை. இந்த வரிசை தற்செயல் இல்லை.

பெட்டியைத் திறந்ததும்

எந்தக் கேசட்டையும் ஓட்டிப் பார்க்காதீர்கள். முதலில் ஒவ்வொரு கேசட்டின் மேல் விளிம்பிலும் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தாவல்களை உடைத்துவிடுங்கள். அவை இருக்கும்வரை யாராவது தவறிப்போய் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினால் இருபத்தைந்து வருடப் பதிவு அழிந்துவிடும். குரோம் வகைக் கேசட்டில் தாவலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பள்ளம் இருக்கும். அது டேப் வகையை டெக்குக்கு (கேசட் ஓட்டும் கருவிக்கு) சொல்வதற்கானது, அதைத் தொட வேண்டாம்.

பிறகு பட்டியல். கேசட்டின் இரண்டு பக்கமும் ஒட்டிய தாளும் தெரிய மொபைலில் படம் எடுங்கள். நோட்டில் வரிசை எண், எழுதியிருப்பது என்ன, யார் கையெழுத்து, சி-60-ஆ சி-90-ஆ (எண் மொத்த நிமிடம்) என்று குறியுங்கள். சி-120 கண்ணில் பட்டால் தனியாக எடுத்து வையுங்கள். அதன் டேப் சுமார் 9 மைக்ரான்தான். சி-60-ல் அதுவே இரண்டு மடங்கு தடிமன். பழைய டெக்கில் சி-120 மாட்டினால் சுருண்டு உருளையில் சிக்கிக்கொள்ளும்.

இங்கே ஒரு முக்கியமான பிரிவினை. சிற்றூர் பேண்டின் பெட்டியில் பொதுவாக இரண்டு ஜாதிக் கேசட் கலந்து கிடக்கும். அமெரிக்கன் ஃபுட்பாலின் 2014 மறுபதிப்பிலேயே இரண்டும் இருக்கின்றன: ஒத்திகை அறையில் பூம்பாக்ஸ் (கையில் தூக்கும் கேசட் ரேடியோ) வைத்துப் பதிந்தவை, ஆல்பத்துக்கு முன்னோட்டமாக, நான்கு தனிப் பதிவுகளை ஒரே கேசட்டில் அடுக்கும் நான்கு டிராக் மெஷினில் பதிந்தவை. இவற்றோடு 1997-ல் அர்பானாவை ஒட்டிய ஷாம்பேன் ஊரின் பிளைண்ட் பிக் அரங்கில் பதிந்த நேரடி வாசிப்பும் உண்டு. பூம்பாக்ஸ் கேசட் சாதாரண ஸ்டீரியோ, எந்த நல்ல டெக்கிலும் ஓடும். நான்கு டிராக் கேசட் அப்படியில்லை. சாதாரண கேசட்டில் ஏ பக்கத்துக்கு இரண்டு டிராக், பி பக்கத்துக்கு எதிர்த்திசையில் இரண்டு டிராக். நான்கு டிராக் மெஷினோ நாலையும் ஒரே திசையில் எழுதும். பல மெஷின்கள் நொடிக்கு 4.76 சென்டிமீட்டருக்குப் பதில் 9.5 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும்.

அதனால் அடையாளம் காண்பது சுலபம். டெக்கில் போட்டதும் கிட்டாரும் டிரம்ஸும் பாதி வேகத்தில், ஒரு முழு ஸ்தாயி கீழே, குகைக்குள் முனகுவது போலக் கேட்கிறதா? திருப்பிப் போட்டால் எல்லாம் பின்னோக்கி ஓடுகிறதா? கேசட் கெட்டுப்போகவில்லை, அது நான்கு டிராக். இதைத் தெரியாமல் ‘பாழாய்ப் போச்சு’ என்று தூக்கிப் போட்ட கேசட்டுகளுக்குக் கணக்கே இல்லை.

டெக்கைத் தயார் செய்தல்

இரண்டு மோட்டார், மூன்று ஹெட் (டேப்பைத் தொட்டுப் பதியும், படிக்கும் பாகம்) கொண்ட டெக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சர்வீஸ் செய்த நல்ல இரண்டு ஹெட் டெக் போதும். பெல்ட் மாற்றியதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹெட்டையும் உலோகத் தண்டையும் 99 சதவீத ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால், பஞ்சு பழுப்பேறாமல் வரும்வரை துடையுங்கள். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் அடிக்கடி போட்டால் ரப்பர் காய்ந்து வெடிக்கும். ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு கலந்த நீர் போதும், பிறகு ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள். துடைப்பு ஒவ்வொரு மூன்று நான்கு கேசட்டுக்கும் ஒருமுறை.

அடுத்தது ஹெட்டின் சாய்வு. எல்லோரும் தாண்டிப் போகிற இடம் இதுதான், அதிகப் பலன் தருவதும் இதுதான். பூம்பாக்ஸின் ஹெட் ஒருபோதும் நேராக நின்றதில்லை. உங்கள் டெக் எவ்வளவு துல்லியமானதோ அவ்வளவுக்கு அந்தப் பதிவு மந்தமாகக் கேட்கும். ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் சிறு திருகுதான் சாய்வை மாற்றுவது. முதலில் மார்க்கரால் அதன் பழைய நிலையைக் குறித்துவிடுங்கள். கேசட்டை ஓட்டி, ஒலியை மோனோவாக மாற்றி, ஹை-ஹாட் சத்தத்தை மட்டும் கவனித்தபடி திருகைக் கால் சுற்றுக்குள் மெல்ல நகர்த்துங்கள். ஓர் இடத்தில் போர்வையை விலக்கியது போல ‘ஸ்ஸ்’ வெளியே வரும். அதுதான் இடம். ஒவ்வொரு கேசட்டுக்கும், சில நேரம் ஒவ்வொரு பக்கத்துக்கும், இது வேறுபடும். மோனோவில் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது: சாய்வு தப்பினால் இரண்டு சேனலும் நேரத்தில் விலகி, கூட்டும்போது மேல் ஸ்தாயி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

கேசட்டில் ஒட்டிய தாளில் டால்பி பி (ஓர் இரைச்சல் குறைப்பு முறை) என்று எழுதியிருந்தால் டெக்கில் டால்பியைப் போடுங்கள், ஆனால் சாய்வைச் சரிசெய்த பிறகு. மேல் ஸ்தாயி குறைந்த ஒலியை டால்பி இன்னும் அமுக்கிவிடும். பூம்பாக்ஸ் பதிவு என்றால் பெரும்பாலும் டால்பி இருக்காது, அணைத்து வையுங்கள்.

கேசட்டில் வரும் கோளாறுகள் சில. டேப்பை ஹெட்டோடு அழுத்தும் குட்டிக் கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தால் ஒலி வந்து வந்து போகும். அப்போது டேப்பை வேறு புதிய கூட்டுக்கு மாற்ற வேண்டும். ஐந்து திருகு போட்ட கூடு என்றால் பத்து நிமிட வேலை. ஒட்டிய கூடு என்றால் பிளேடை இணைப்புக் கோட்டில் வைத்து மெல்லத் தட்டிப் பிளக்க வேண்டும். அறுந்த டேப்பை ஒட்ட அதற்கான ஒட்டுநாடா வாங்குங்கள். செல்லோடேப்பின் பசை நாளடைவில் கசிந்து பக்கத்துச் சுற்றுகளையும் ஒட்டவைத்து, பிறகு ஹெட்டையும் நாறடிக்கும்.

கணினிக்கு மாற்றுதல்

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் இன்னுக்கு. மைக் இன்னில் செருகினால் ஒலி பிளந்துவிடும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. ஒலி உச்சம் −12-லிருந்து −6 டெசிபெலுக்குள் நிற்கட்டும். ஒரு நிமிடம் சுமார் 35 எம்.பி., ஒரு சி-60 முழுக்க 2 ஜி.பி.க்குச் சற்று மேல். பாட்டு பாட்டாக வெட்டாதீர்கள், ஒரு பக்கம் ஒரே கோப்பு. நடுவில் வரும் ‘இன்னொரு தடவை அடி’ என்கிற பேச்சில்தான் தாளம் மாறுமிடம் எது, முதலில் என்ன பெயர் வைத்தோம் என்பதெல்லாம் ஒளிந்திருக்கும்.

நான்கு டிராக் கேசட்டுக்கு அதே மாதிரி மெஷினை இரவல் வாங்குவதே மேல். வழியே இல்லையென்றால் சாதாரண டெக்கில் இரண்டு பக்கத்தையும் தனித்தனியே ஏற்றி, பி பக்கத்தை மென்பொருளில் தலைகீழாக்கி, இரண்டையும் இருமடங்கு வேகமாக்கிச் சேர்க்கலாம். ஆனால் இரண்டு ஓட்டமும் ஒரே சீராக ஓடியிருக்காது. முதல் பத்து விநாடி கச்சிதமாகப் பொருந்தி, மூன்றாவது நிமிடத்தில் ஸ்னேர் இரண்டாகக் கேட்கும். இருபது முப்பது இடத்தில் கையால் இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். இதில் இன்னொரு கண்ணி டிபிஎக்ஸ். பல நான்கு டிராக் மெஷின்களில் இந்த இரைச்சல் குறைப்பு இருந்தது. போட்டுப் பதிந்ததை அது இல்லாமல் ஓட்டினால் கூர்மையாக, மூச்சிரைப்பது போல வீங்கி வீங்கிக் கேட்கும். ஈக்வலைசரால் அதைச் சரிசெய்ய முடியாது, டிபிஎக்ஸ் உள்ள மெஷின்தான் வேண்டும்.

இப்போது வேகம். பூம்பாக்ஸ்கள் இரண்டு மூன்று சதவீதம் தப்பி ஓடுவது சகஜம். 2 சதவீதம் என்றால் 34 சென்ட், 3 சதவீதம் என்றால் 51 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் பாதி. இதைத் திருத்தாமல் பாட்டை அதிலிருந்து கற்றுக்கொண்டால் கிட்டார் ட்யூனிங்கே தவறாகப் போகும். நம்பகமான அளவுகோல் ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், ஆகவே அங்கே ஒத்திகை அறையில் பதிந்த கேசட்டில் 60, 120 ஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய ரீங்காரம் இருக்கும். பாட்டுக்கு நடுவே எல்லோரும் சும்மா இருக்கும் இடத்தை எடுத்து ஸ்பெக்ட்ரம் பாருங்கள். 122.4 காட்டினால் 2 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள், அந்த அளவுக்குக் குறைத்துவிடுங்கள். இந்தியாவிலோ இலங்கையிலோ உட்கார்ந்து இந்த வேலையைச் செய்தால் உங்கள் டெக்கின் சொந்த இரைச்சல் 50, 100 ஹெர்ட்ஸில் கூடவே நிற்கும். அதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது.

இரைச்சல் நீக்கும் மென்பொருளில் கை வைக்கும்போது 3-லிருந்து 6 டெசிபெலோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் சிம்பலின் வால் நீருக்கடியில் கேட்பது போலக் குழையும். பூம்பாக்ஸின் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு ஒவ்வொரு கிக்குக்கும் கிட்டாரை அமுக்கியிருக்கும். அதை எடுக்க முடியாது, எடுக்கவும் வேண்டாம். அமெரிக்கன் ஃபுட்பால் மறுபதிப்பில் பாட்டுப் பெயரின் பக்கத்திலேயே ‘பூம்பாக்ஸ் ஒத்திகை, 1998’ என்று அச்சிட்டார்கள். கேட்பவருக்கு அது போதும்.

கோப்புகள் மூன்று பிரதி, இரண்டு வேறு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு வீட்டில். அசல் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

பெட்டியில் கேசட் தவிர ஓபன் ரீல் இருந்தால் வேறு கதை. எழுபதுகளிலிருந்து வந்த ஆம்பெக்ஸ் 456 போன்ற ரீல்களின் பசை ஈரம் உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஓட்டினால் கீச்சிடும், ஹெட்டில் பழுப்புக் களிம்பு படியும். உடனே நிறுத்திவிட்டு, சீரான வெப்பம் தரும் உணவு உலர்த்தியிலோ ஆய்வக அடுப்பிலோ 54 டிகிரி செல்சியஸில் கால் அங்குல டேப்பை 8 மணி நேரம் வைத்து, அதே அளவு நேரம் ஆறவிட வேண்டும். சில வாரத்துக்கு ஓடும் நிலையில் இருக்கும், அதற்குள் மாற்றிவிட வேண்டும். சமையலறை அடுப்பு கூடாது. ரீலை வெளிச்சத்துக்குக் காட்டி, ஒளி ஊடுருவினால் அது அசிடேட்; அதைச் சூடாக்கவே கூடாது. கேசட்டையும் கூடாது. ஏடாட் கேசட் என்றால் பார்க்க எஸ்-விஎச்எஸ் வீடியோ கேசட் போல இருக்கும், எட்டு டிராக் டிஜிட்டல். ஓடுகிற மெஷின்கள் அருகி வருவதால் இதை முதலில் முடியுங்கள்.

யாருக்கு என்ன சொந்தம்

சலிப்பான வேலை, ஆனால் மறுபதிப்புகள் பாதியில் நிற்பது இங்கேதான். பாட்டுக்கு ஒரு தாள் எடுங்கள். யார் இயற்றியது, எத்தனை சதவீதம், யார் வாசித்தது, எந்த நாள் எங்கே பதிந்தது. இயற்றிய உரிமையும் பதிவின் உரிமையும் இரண்டு தனிச் சொத்து. முதலாவது எழுதியவர்களுக்கு. இரண்டாவது ஒப்பந்தத்தைப் பொறுத்து லேபிளுக்கோ பேண்டுக்கோ. அமெரிக்கச் சட்டத்தில், வேறு எழுத்து இல்லையென்றால் கூட்டாக இயற்றியவர்களுக்குச் சம பங்கு. ரிஃப் முழுக்க ஒருவர் போட்டது என்றாலும் அப்படித்தான். ஆகையால் எல்லோரும் சிரித்துப் பேசும்போதே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அட்டைப் படம் எடுத்தவரின் உரிமை தனி. நேரடி வாசிப்பு கேசட் என்றால் சவுண்ட் போர்டில் உட்கார்ந்து பதிந்தவரிடமும் ஒரு வரி சம்மதம் வாங்குங்கள். அடுத்தவர் பாட்டை நீங்கள் வாசித்திருந்தால் அதற்குத் தனி உரிமம். ஒவ்வொரு பதிவுக்கும் தனி ஐ.எஸ்.ஆர்.சி. எண் (பதிவை அடையாளம் காட்டும் எண்) வேண்டும், ஒரே பாட்டின் ஸ்டுடியோ வடிவத்துக்கும் ஒத்திகை வடிவத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டால் ஸ்ட்ரீமிங் கணக்கு குழம்பி, பிறகு பிரிக்கவே முடியாது.

வினைல் போடுவதானால்

33⅓ சுற்றில் ஒரு பக்கத்துக்கு 18-லிருந்து 22 நிமிடம். அதைத் தாண்டினால் வரிகள் நெருங்கி ஒலியளவைக் குறைக்க வேண்டிவரும். 1999 ஆல்பம் சுமார் 41 நிமிடம், இரண்டு பக்கத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல. பழைய கேசட்டுகளைச் சேர்த்ததும் இரண்டு தட்டு ஆனது.

ஊசி வெளி வரியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடும், உள் வரியில் 21 மட்டும். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுத வேண்டியிருப்பதால் உள்ளே போகப் போகச் சிம்பலும் ‘ச’கரமும் கரகரக்கும். அமைதியான பாட்டை ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் வையுங்கள். கீழ் ஸ்தாயியை மோனோவாக்கிவிடுங்கள். பூம்பாக்ஸ் பதிவில் இரண்டு சேனலின் கீழ் ஸ்தாயி எதிரெதிராக இருந்தால் ஊசி துள்ளும். சோதனைத் தட்டு வந்ததும் குறைந்தது இரண்டு வேறு பிளேயரில், ஒன்று விலை மலிந்ததாக, முழுவதும் கேளுங்கள். ஒரே இடத்தில் எல்லாத் தட்டிலும் ‘டிக்’ என்றால் அச்சின் கோளாறு. ஒரு தட்டில் மட்டும் என்றால் தூசு.

விரல்களைத் திரும்பப் பெறுதல்

பதிவைக் கேட்டுக் கேட்டு வழக்கமான ட்யூனிங்கில் தேடிக்கொண்டிருந்தால் சில பாட்டு வரவே வராது. அமெரிக்கன் ஃபுட்பாலின் பெயர்பெற்ற ட்யூனிங், தடித்த தந்தியிலிருந்து எஃப்–ஏ–சி–ஜி–சி–இ. வழக்கமானதிலிருந்து போக வேண்டிய வழி: 6-வது தந்தி இ-யிலிருந்து அரைச்சுரம் மேலே எஃப், 4-வது டி-யிலிருந்து ஒரு முழுச்சுரம் கீழே சி, 2-வது பி-யிலிருந்து அரைச்சுரம் மேலே சி. 5, 3, 1 அப்படியே. எதையும் பிடிக்காமல் மீட்டினாலே எஃப் மேஜர் 9 வரும். அந்த மினுமினுப்பு கைத்திறன் என்று நினைக்கிறோம், பாதி சாவிகளில் இருக்கிறது.

வரிசை முக்கியம். முதலில் 4-வதைத் தளர்த்துங்கள், பிறகு 2, கடைசியில் 6. எடுத்ததும் 6-வதை ஏற்றினால் பழைய தந்தி சாவிப் பக்கத்தில் அறுந்துபோகலாம். ஸ்பிரிங் பிரிட்ஜ் கிட்டார் என்றால் மூன்று சுற்றாவது திரும்பத் திரும்பச் சரிபாருங்கள்.

சுருதி ஏறினால் இழுவை அதன் வர்க்கத்தில் ஏறும். அரைச்சுரம் ஏற்றிய இரண்டு தந்தியிலும் 12 சதவீதம் கூடும், முழுச்சுரம் இறக்கிய 4-வதில் 20 சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும். 10–46 செட்டில் (எண்கள் தந்தியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்) இவை ஒன்றையொன்று ஈடுகட்டி, கழுத்தின் மேல் மொத்த இழுவை கிட்டத்தட்ட மாறுவதில்லை. ஆகவே கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் கம்பியைத் திருக வேண்டாம். பிரச்சினை 4-வதில் மட்டும்: தொளதொளத்து, அழுத்திப் பிடித்தால் சுருதி மேலே ஓடும். 26-க்குப் பதில் 28 அல்லது 30 போடுங்கள். 6-வதுக்கு 42 அல்லது 44, 2-வதுக்கு 12 போட்டால் கைக்குப் பழைய இழுவையே கிடைக்கும். 30 தந்தி நட்டின் (கழுத்து முனையில் தந்திகள் தங்கும் கட்டை) பள்ளத்தில் சிக்கினால் ‘டிங்’ என்று தாவித் தாவிச் சுருதி ஏறும். பள்ளத்தில் பென்சில் கரியைத் தேயுங்கள், அப்படியும் சிக்கினால் கடைக்காரரிடம் கொடுத்து அகலப்படுத்துங்கள். பிரிட்ஜில் 4-வதின் இன்டொனேஷனையும் (கழுத்து நெடுகச் சுருதி பொருந்துவதை) புதிதாகப் பார்க்க வேண்டும்.

மற்றவர் வாசிப்பைக் கண்டுபிடிக்க ஒரு துப்பு: அமைதியான இடங்களில் தற்செயலாகப் பட்டு ஒலிக்கும் திறந்த தந்திகளைக் கவனியுங்கள். எந்த விரலும் தொடாத அந்தச் சுரங்கள்தான் ட்யூனிங்கைக் காட்டிக்கொடுக்கும்.

பாடுபவரின் குரல் பதினைந்து வருடத்தில் இறங்கியிருக்கும். கேப்போ (கிட்டார் கழுத்தில் மாட்டும் கவ்வி) சுருதியை ஏற்றத்தான் உதவும், இறக்க உதவாது. எல்லாத் தந்தியையும் அரைச்சுரம் இறக்குங்கள். டிரம்பெட்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவருடைய விரல் அமைப்பு முழுக்க மாறும்.

ஒத்திகை

இந்த மாதிரி இசையில் இரண்டு கிட்டாரும் வேறு வேறு நீளத்தில் சுற்றும். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கின் திரும்பத் திரும்ப வரும் வடிவங்களின் சாயல் இதில் உண்டு. ஒருவர் 7 எண்ணிக்கை, மற்றவர் 4 என்றால் 28-வதுக்குப் பிறகுதான் இருவரும் சேர்ந்து தலையில் விழுவார்கள். 6-ம் 4-ம் என்றால் 12. மிஸ்ர சாபு போட்டுப் பழகிய கைக்கு இது விளையாட்டு. மற்றவர்கள் தாளில் எழுதித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை சுற்று, எங்கே சந்திக்கிறார்கள், சைகை தருவது யார் என்று மூன்று நெடுவரிசை போதும். சைகை தருபவர் எப்போதும் ஒரே ஆளாக இருக்கட்டும்.

ஆளுக்கொரு ஊரில் இருந்தால் டிரம்மர் முதலில் பதிந்து அனுப்பட்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், தொடக்கத்தில் இரண்டு சுற்று எண்ணிக்கை. எல்லோரும் அதே புள்ளியிலிருந்து கோப்பைத் தொடங்கினால் இழுத்துப் பொருத்தும் வேலையே இல்லை. கிளிக் (தாளம் காட்டும் ‘டிக் டிக்’ ஒலி) போடும் முன் பழைய பதிவின் வேகத்தை நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். மாணவப் பருவத்து வாசிப்பு பல்லவிக்கு வரும்போது நிமிடத்துக்கு நாலைந்து தட்டு கூடியிருக்கும். அதைத் தட்டையாக்கினால் பாட்டு செத்துவிடும். கிளிக்கையே அங்கங்கே ஏற்றி இறக்கி அமையுங்கள்.

ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு, தனித்தனிப் பயிற்சி எட்டு வாரம், பிறகு இரண்டு வார இறுதி சேர்ந்து வாசித்தால் தேறும். சேர்ந்திருக்கும் நேரத்தைச் சுரம் தேடுவதில் செலவழிப்பதுதான் பெரிய வீண்.

பேஸ் இடத்தை என்ன செய்வது? ஸ்டுடியோவில் கிட்டார்காரரே பேஸையும் பதிந்துவிடலாம், மேடையில் அவருக்கு இரண்டு கைதான். 2014-ல் மைக் கின்செல்லாவின் உறவுச் சகோதரர் நேட் கின்செல்லாவை பேஸுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். பதிவில் இல்லாத வரியைப் புதிதாகப் போட வேண்டும் என்பதால், திறந்த கீழ்த் தந்தி எஃப் ஒலிக்கும் இடங்களில் பேஸ் ஒதுங்கி நிற்பது நல்லது. 87 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இரண்டு பேர் மோதினால் ஹால் முழுக்கக் கொழகொழத்துவிடும்.

மேடை

ட்யூனிங் வகைப்படி பாட்டுப் பட்டியலைத் தொகுங்கள். ஒரே ட்யூனிங் பாட்டுகள் அடுத்தடுத்து வரட்டும். ஆளுக்கு இரண்டு கிட்டார் குறைந்தபட்சம். மாற்றும் நேரத்தில் டிரம்ஸோ கீபோர்டோ சும்மா ஓட ஏற்பாடு வேண்டும். 40 விநாடி மௌனத்தில் கூட்டம் பேச ஆரம்பித்தால் இந்தச் சன்னமான இசை திரும்ப எழாது. டிரம்மரே டிரம்பெட்டும் ஊதினால் மைக்கை ஹை-ஹாட்டுக்கு எதிர்ப்புறம் வைத்து, ஊதாதபோது சவுண்ட்காரர் அதை மூடிவிட வேண்டும். ஆறிப்போன டிரம்பெட் சுருதி இறங்கி நிற்கும். ஊதுவதற்கு ஒரு நிமிடம் முன்பே உள்ளே மூச்சுக்காற்று விட்டுச் சூடாக்கட்டும்.

முதல் நிகழ்ச்சி சொந்த ஊரில் இருந்தால் நல்லது. அமெரிக்கன் ஃபுட்பாலின் 2014 அறிவிப்பில் சொந்த ஊர் பிக்மேலியன் இசை விழாவும் நியூயார்க்கின் வெப்ஸ்டர் ஹாலும் இருந்தன. வெப்ஸ்டர் ஹாலில் ஒரு இரவு மூன்று இரவானது. அரங்கத்தோடு பேசும்போதே அடுத்த இரண்டு நாளையும் அறிவிக்காமல் பிடித்து வையுங்கள். முதல் நாள் விற்றுத் தீர்ந்ததும் இரண்டாவதைத் திறக்கலாம், விற்காவிட்டால் விட்டுவிடலாம். பெரிய ஹாலை எடுத்துப் பாதி காலியாக நிற்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

புதுப் பாட்டுக்கு அவசரப்படாதீர்கள். அவர்களின் இரண்டாவது ஆல்பம் 2016-ல்தான், முதலாவதுக்கு 17 வருடம் கழித்து. மூன்றாவது 2019. முதல் ஆல்பத்தின் அட்டையில் இருந்த அர்பானா வீட்டை 2023-ல் பேண்டும் பாலிவினைலும் படம் எடுத்த கிறிஸ் ஸ்ட்ராங்கும் இன்னும் சிலரும் சேர்ந்து வாங்கியதெல்லாம் வெகு பின்னால். வீடு வாங்கும் அளவுக்கு உங்கள் அட்டைப் படம் புகழ் பெறாவிட்டாலும், அந்தப் படத்தின் அசல் நெகட்டிவ் யாரிடம் இருக்கிறது என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

கடைசியாக ஒன்று. டிரம்மர் லாமோஸ் 2021-ல் விலகி 2023-ல் திரும்பினார். மறுபடி கூடியவர்களுக்கு வேலையும் குடும்பமும் இருக்கும், யாராவது ஒருவர் ஒரு கட்டத்தில் எழுந்து போவார். அவர் இருக்கும்போதே ஒத்திகையில் அவர் வாசிப்பைத் தனி டிராக்காகப் பதியுங்கள். டிரம்ஸுக்குத் தலைக்கு மேலே இரண்டு மைக், கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று போதும். கோப்பின் பெயரில் பாட்டு, தேதி, வேகம், ட்யூனிங் நான்கையும் எழுதி, பழைய கேசட் கோப்புகள் இருக்கும் அதே டிஸ்க்கில் போடுங்கள்.